முதல் கொப்புளத்துக்கும் முதல் தொலைபேசி அழைப்புக்கும் இடையில்

ஒரு கால்நடை நோய் ஒரு நாட்டிலிருந்து ஒழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டால், அதைத் தன் கண்ணால் பார்த்த மருத்துவர் எவரும் அங்கே பணியில் இருக்க மாட்டார். பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். பயிற்சி வகுப்பில் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கியிருப்பார்கள். அந்த நோய் திரும்பி வரும் நாளில் அதை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் மருத்துவர்கூட இல்லை, காலையில் தீவனம் வைக்கப் போன பண்ணை ஊழியர். ஒரு மாடு தீவனத்தைத் தொடவில்லை, இன்னொன்று எச்சில் ஒழுக நிற்கிறது. பல்லில் கோளாறாக இருக்கலாம், முள் குத்தியிருக்கலாம், புதுத் தீவனம் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். காரணம் பல தோன்றும். நாட்டிலேயே இல்லாத ஒரு நோய் மட்டும் யாருக்கும் தோன்றாது.

ஒரு நாட்டில் இல்லாமலிருந்து வெளியிலிருந்து நுழையும் நோய்களை அயல் கால்நடை நோய்கள் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம். கோமாரி எனப்படும் கால் வாய் நோய், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், தோல் கழலை நோய், ஆட்டுக்கொல்லி நோய், கடும் பறவைக் காய்ச்சல் ஆகியவை இந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை. ஓரிடத்தில் அன்றாடத் தொல்லையாக இருக்கும் அதே நோய் இன்னோரிடத்தில் தேசிய நெருக்கடி ஆகிறது. நோயே இல்லாத நாட்டில் மந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது, தடுப்பூசி போடும் வழக்கமும் கிடையாது. நுழைந்த கிருமிக்குத் தடையே இல்லை. அதோடு இறைச்சி, பால், உயிருள்ள கால்நடை ஏற்றுமதி ஒரே நாளில் நின்றுபோகிறது.

இந்த நோய்களை அடக்குவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆய்வகமும் தடுப்பூசியும்தான். அவை வேண்டியவையே. ஆனால் பெரிய தொற்றுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வலுப்பட்ட எண்ணம் வேறு. பெரும்பாலான தொற்றுகளின் அளவு, நோய் உறுதியாவதற்கு முந்தைய நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களின் நீளமோ, முதலில் பார்த்தவர் வாய் திறக்கத் துணிகிறாரா என்பதைப் பொறுத்தது.

மூன்று வாரங்கள்

2001 பிப்ரவரி 19 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஓர் இறைச்சிக் கூடத்தில், வெட்டுக்குக் காத்திருந்த பன்றிகளின் உடலில் கொப்புளங்கள் இருப்பதை ஆய்வு மருத்துவர் கவனித்தார். மறுநாள் அது கோமாரி என்று உறுதியானது. அந்தப் பன்றிகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கித் தேடியபோது, தடம் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே உணவுக்கழிவைத் தீவனமாகப் போட்டு வந்தார்கள். சட்டப்படி நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே போட வேண்டிய கழிவு அது. வைரஸ் பெரும்பாலும் கள்ளத்தனமாக வந்த இறைச்சி வழியே அதில் கலந்திருக்க வேண்டும் என்பது அரசு விசாரணையின் முடிவு. பண்ணையை ஆராய்ந்தவர்கள் அங்கே கண்ட பழைய புண்களின் வயதைக் கணக்கிட்டு, நோய் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வந்திருக்கும் என்றார்கள். யாரும் தகவல் தரவில்லை.

அதற்குள் வைரஸ் காற்றில் பக்கத்துப் பண்ணையின் செம்மறி ஆடுகளுக்குப் போயிருந்தது. செம்மறிகளிடம் கோமாரி வெளியே தெரிவது குறைவு. லேசாக நொண்டும், ஈறில் ஒரு சிறு புண் இருக்கும், இரண்டு நாளில் அதுவும் மறையும். பிப்ரவரி 13 அன்று அந்த ஆடுகளில் சில ஹெக்ஸம் சந்தைக்குப் போயின. அங்கிருந்து வியாபாரிகள் வழியே லாங்டவுன் சந்தைக்கும், பிறகு நாட்டின் தென்மேற்கு மூலையான டெவன் வரைக்கும் ஆடுகள் கைமாறின. கால்நடைகளை நகர்த்தக் கூடாது என்ற நாடு தழுவிய தடை வந்தது பிப்ரவரி 23 அன்று. முதல் நோய் உறுதியான வேளையிலேயே குறைந்தது 57 பண்ணைகளில் தொற்று இருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதாவது அதிகாரிகள் ஒரு பண்ணை என்று எண்ணிக் களமிறங்கிய நாளில் எதிரே நின்றது ஐம்பதுக்கும் மேல்.

கடைசி நோயாளிக் கால்நடை கண்டறியப்பட்டது அந்த ஆண்டு செப்டம்பர் 30. மொத்தம் 2,026 பண்ணைகள், 60 லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்ட கால்நடைகள், அரசுக்கும் தனியாருக்குமாக 800 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பு. முதல் பண்ணையில் முதல் வாரத்திலேயே ஒருவர் தொலைபேசியை எடுத்திருந்தால் இந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் செம்மறிகள் சந்தைக்குப் போவதற்கு முந்தைய நாட்கள் அவை.

வரும் வழிகள்

கிருமி எப்படி எல்லை தாண்டுகிறது என்பது ஒவ்வொரு நோய்க்கும் வேறு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1957இல் ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் போர்ச்சுகலில் தோன்றியது. லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து வந்த உணவுக்கழிவைத் தின்ற பன்றிகள் அவை. 2007இல் கருங்கடல் கரையிலுள்ள ஜார்ஜியாவின் போட்டி (Poti) என்ற துறைமுகத்தில் அது மீண்டும் கரையேறியது. அங்கே கப்பல் கழிவின் மீதே சந்தேகம் விழுந்தது. பதினோரு ஆண்டுகளில் அந்தக் கிளை சீனாவை எட்டியது. இந்த வைரஸ் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஒரு பயணியின் பையிலுள்ள ஒரு பொட்டலம் போதும்.

கோமாரி வைரஸுக்குக் காற்றே வண்டியாக அமைவதுண்டு. பன்றி மூச்சுவிடும்போது வெளியேறும் வைரஸின் அளவு மாட்டைவிடப் பல நூறு மடங்கு அதிகம். மாடோ மிகக் குறைந்த அளவை உள்ளிழுத்தாலே நோய்வாய்ப்படும். 1981 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி கரையில் பன்றிகளுக்கு வந்த நோய், கடலைக் கடந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்தின் வைட் தீவு மாடுகளைத் தாக்கியது. ஈரமான குளிர்ந்த காற்று, கடல்மேல் தடையற்ற பாதை, எல்லாம் கூடி வந்த அரிய தருணம் அது. கோமாரித் தொற்று விசாரணைகளில் வானிலை வல்லுநர்களும் இடம்பெறுவது இதனால்தான்.

தோல் கழலை நோயைக் கடிக்கும் ஈக்களும் கொசுக்களும் சுமக்கின்றன. அங்கே வேலியும் பூட்டும் பாதிதான் பயன்படும். நோயைக் காக்கும் ஆய்வகமே அதைக் கசியவிட்டதும் உண்டு. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வந்த கோமாரி, 1967இல் சேகரித்து ஆய்வகங்களில் வைத்திருந்த பழைய வகை என்பது சில நாட்களில் தெரிந்தது. பிர்பிரைட் ஆய்வு வளாகத்தின் பழுதடைந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து அது மண்ணில் இறங்கி, வண்டிச் சக்கரங்களில் ஒட்டி வெளியே போயிருக்க வேண்டும் என்றது விசாரணை.

பண்ணை வாசலில்

சந்தேகம் என்று அழைப்பு வந்ததும் புறப்படும் மருத்துவர், தன் வண்டியைப் பண்ணைக்கு வெளியே சாலையோரத்தில் நிறுத்துகிறார். ரப்பர் காலணி, அணிந்து எறியும் மேலுடை, வாளி, தூரிகை, கிருமிநாசினி, வெப்பமானி, மாதிரிக் குப்பிகள் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்கிறார். தேவையில்லாத ஒரு பொருளும் உள்ளே போகாது, ஏனெனில் உள்ளே போகும் ஒவ்வொன்றையும் கழுவித்தான் வெளியே கொண்டுவர முடியும். அந்தப் பண்ணையில் கால்வைத்த பிறகு சில நாட்களுக்கு நலமான வேறு மந்தை எதையும் அவர் அணுக மாட்டார். தொற்று பெருகும் காலத்தில் மருத்துவர்கள் போதாமல் போவதற்கு இந்த விதியும் ஒரு காரணம். ஆனால் இதைத் தளர்த்தினால் மருத்துவரே நோய் பரப்புவார்.

அவர் நேராக நோயுற்ற மாட்டிடம் போவதில்லை. முதலில் உரையாடல். எத்தனை மாடுகள், எந்தக் கொட்டகையில் எவை, முதலில் எது தீனி எடுக்காமல் நின்றது, கடைசியாக வெளியிலிருந்து எப்போது கால்நடை வந்தது, பால் வண்டி எந்த நாட்களில் வருகிறது. பண்ணையின் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்கிறார். பிறகுதான் ஒவ்வொரு கொட்டகையாகப் பார்வை. காய்ச்சல் கண்ட, இன்னும் புண் வராத மாடுகளும் இதில் அகப்படும்.

கோமாரி வந்த மாட்டின் வாயைத் திறந்து நாக்கைப் பிடித்து இழுத்தால் நாக்கின் மேல்தோல் பெரிய துண்டாக உரிந்து கையோடு வந்துவிடும். அடியில் செக்கச்செவேலென்று பச்சைப்புண். குளம்புப் பிளவில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவிப் பார்த்தால் அங்கேயும் அதே கொப்புளம். அந்த மாடு எதற்காகக் கால் மாற்றி மாற்றி நின்றது என்பது அப்போது விளங்கும்.

உரிந்த அந்தத் தோல்தான் மிகச் சிறந்த மாதிரி. ஒரு கிராம் அளவாவது எடுத்து, அமிலமும் காரமும் சமனான கிளிசரின் கரைசலில் போட வேண்டும். கோமாரி வைரஸ் அமிலம் பட்டாலும் காரம் பட்டாலும் சிதைந்துவிடும். கரைசல் சற்றுப் புளித்திருந்தாலும் ஆய்வகத்தில் நோய் இல்லை என்று முடிவு வரக்கூடும். இதே பலவீனம்தான் கிருமிநீக்கத்தில் நமக்கு உதவுகிறது. சிட்ரிக் அமிலமோ சலவை சோடாக் கரைசலோ போதும், வைரஸ் அழிந்துவிடும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் இவ்வளவு எளிதில் மடியாது. எந்த நோய் என்று தெரியாமல் எந்த மருந்தைத் தெளிப்பது என்று முடிவு செய்ய முடியாது.

கண்ணால் பார்த்து மட்டும் நோயை முடிவு செய்யவும் முடியாது. பன்றியின் குளம்பில் கொப்புளம் எழுப்பும் வைரஸ்கள் பல உண்டு. அவற்றுள் எது என்று எந்த அனுபவசாலியாலும் புண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் பழைய பன்றிக் காய்ச்சலும் வெளித்தோற்றத்தில் ஒன்றே, கிருமிகளோ உறவே இல்லாதவை. ஆகவே வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை, அதன் புரதத்தைத் தேடும் எலைசா சோதனை, வைரஸை வளர்த்தெடுத்தல், மரபணு வரிசை வாசித்தல் என்று ஆய்வகம் அடுத்தடுத்து உறுதிசெய்கிறது. சில மணி நேரத்தில் முதல் விடை வந்துவிடும். விடை வரும் வரை பண்ணை பூட்டியே இருக்கும். சந்தேகம் பொய்த்தால் இழப்பு இரண்டு நாள் பால்தான்.

ஜப்பானின் மியாசாகியில் 2010இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மார்ச் இறுதியில் ஒரு சிறு எருமைப் பண்ணையில் காய்ச்சல், பேதி, பால் குறைவு என்று மருத்துவர் பார்த்து, மாதிரியும் எடுத்தார். கொப்புளம் தெளிவாக இல்லை. கோமாரி என்று யாரும் நினைக்கவில்லை. ஏப்ரல் 20 அன்று வேறொரு பண்ணையில் கோமாரி உறுதியானபின், எடுத்து வைத்திருந்த பழைய மாதிரியைச் சோதித்தார்கள். அதில் வைரஸ் இருந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எருமையில் நோய் அடையாளம் மாறிக் காட்டும் என்பதை அறிந்தவர்களே குறைவு. ஆனால் இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தின் விலை பெரிது. 292 பண்ணைகளில் தொற்று கண்டது, ஏறத்தாழ 2,90,000 கால்நடைகள் கொல்லப்பட்டன.

புண்ணின் வயது

விசாரணையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. கோமாரிப் புண் ஒரு நாட்காட்டி. முதல் நாள் நாக்கின் தோல் வெளிறி, அடியில் நீர் கோத்துக் கொப்புளமாகும். இரண்டாம் நாள் அது உடைந்து, ஓரங்களில் தோல் கிழிசலாகத் தொங்கும். மூன்றாம் நாள் புண்ணின் பளிச்சென்ற சிவப்பும் ஓரத்தின் கூர்மையும் மங்கத் தொடங்கும். நான்காம் நாளுக்கு மேல் மங்கலான மஞ்சள் படலம் படர்ந்து ஓரத்திலிருந்து தோல் வளர ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் தழும்பு. வாய்ப்புண் விரைவாக ஆறிவிடுவதால் அதற்குப் பிறகு வருபவர் குளம்பைத்தான் நம்ப வேண்டும்.

மந்தையில் மிகப் பழைய புண் எது என்று தேடிக் கண்டுபிடித்து அதன் வயதைக் கணிக்கிறார்கள். ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் உடலில் புகுந்து நோய் வெளிப்பட 2 முதல் 14 நாட்கள் ஆகும். இரண்டையும் கூட்டினால், இன்றிலிருந்து 7 முதல் 19 நாட்களுக்கு முன் இந்தப் பண்ணைக்குள் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. கால்நடையா, வண்டியா, ஆளா, காற்றா? அந்தச் சாளரத்துக்குள் வந்த ஒவ்வொன்றையும் பட்டியலிடுவது பின்னோக்கிய தேடல். இன்னொரு பக்கம், நோய் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே மாடு வைரஸைக் கக்கத் தொடங்குவதால், அந்த நாளிலிருந்து பண்ணையை விட்டு வெளியேறியவை எவை என்பது முன்னோக்கிய தேடல். விற்ற கன்று, பால் வண்டி, செயற்கைக் கருவூட்டல் செய்ய வந்தவர், தீவன லாரி, எருவை ஏற்றிப் போனவர், பக்கத்துப் பண்ணையில் பகுதி நேர வேலை பார்க்கும் ஊழியர் என்று நீளும் பட்டியலில் எவருக்கு முதலிடம் என்று முடிவெடுப்பதே திறமை. உயிருள்ள கால்நடை எப்போதும் முதலில். அதற்குப் பிறகு கால்நடையைத் தொட்ட கைகள்.

இந்தத் தேடல் முழுவதும் நிற்பது இரண்டு கால்களில். ஒன்று, கொள்முதல், விற்பனைப் பதிவேடு. காது அடையாளம் இல்லாத, ரசீது இல்லாத, தரகர் கைமாற்றிய ஆடுகளை எந்தக் கணினியாலும் தேடிப்பிடிக்க முடியாது. மற்றொன்று, பண்ணையாளர் உண்மை சொல்வது. யாருக்குத் தெரியாமல் எந்தக் கன்று எங்கே போனது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

மரபணு வரிசை இப்போது இந்த வேலையில் பெரிய துணை. வைரஸ் ஒவ்வொரு பண்ணையிலும் பெருகும்போது மரபணுவில் ஓரிரு எழுத்துகள் மாறுகின்றன. 2007 சர்ரே தொற்றில், ஆகஸ்ட் வைரஸையும் செப்டம்பரில் மீண்டும் தோன்றிய வைரஸையும் ஒப்பிட்டபோது மாற்றங்கள் அதிகமாக இருந்தன. இடையில் கண்ணுக்குத் தப்பிய பண்ணை இருந்திருக்க வேண்டும் என்று அதிலிருந்து ஊகித்தார்கள். தேடினார்கள், ஆறிய புண்களோடு மாடுகள் அகப்பட்டன. நோய் ஓய்ந்துவிட்டது என்று தடையை நீக்கிய நாட்களில் வைரஸ் அங்கே அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

வலயம்

நோய் உறுதியானதும் அந்தப் பண்ணையைச் சுற்றி வட்டங்கள் வரைகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி குறைந்தது 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வலயம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வலயம். உள்ளே கால்நடை நகரக் கூடாது, சந்தை கூடக் கூடாது, ஒவ்வொரு மந்தையையும் மருத்துவர் வந்து பார்ப்பார். உலக விலங்குகள் சுகாதார அமைப்புக்கு 24 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். அந்த அமைப்பு பிறந்ததற்கே ஓர் அயல் நோய்தான் காரணம். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட, அவற்றிலிருந்து மாட்டுக் கொள்ளைநோயான வெக்கை நோய் பரவியது. ஒரு நாடு தன் நோயை மறைத்தால் எல்லா நாடும் கெடும் என்று உணர்ந்து, 1924இல் 28 நாடுகள் கையெழுத்திட்டு இந்த அமைப்பை உருவாக்கின. வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நோய் காட்டு விலங்குக்குப் போய்விட்டால் வட்டம் வரைவது கடினம். ஆனாலும் முடியும் என்பதற்குப் பெல்ஜியம் சான்று. 2018 செப்டம்பரில் அங்கே காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தோன்றியது. சுமார் 300 கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். வேட்டையாடிக் கலைத்தால் பன்றிகள் சிதறி நோயைத் தூரத்துக்கு எடுத்துப்போகும் என்பதால் முதலில் வேட்டையை நிறுத்தி, காட்டுக்குள் வரிசையாக நடந்து செத்த பன்றிகளைத் தேடி எடுத்தார்கள். பிணத்தில் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும், மற்ற பன்றிகள் வந்து மோந்து பார்க்கும். பொறுமையும் உழைப்பும் வேண்டிய வேலை. வளர்ப்புப் பன்றிப் பண்ணை ஒன்றில்கூட நோய் நுழையாமல் 2020 இறுதிக்குள் நாடு மீண்டது.

கொல்வது

இந்த நோய்களுக்கு எதிரான மிகப் பழைய ஆயுதம் தொற்றுள்ள மந்தையை முழுவதுமாகக் கொன்று புதைப்பது. 1710களில் ஐரோப்பாவை வெக்கை நோய் சூறையாடியபோது, போப்பாண்டவரின் மருத்துவர் லான்சிசி இதைப் பரிந்துரைத்தார். 1714இல் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் அதையே செய்தார். ஆனால் அவர் கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார். கொன்ற மாட்டுக்கு அரசு பணம் தரும் என்றார். பணம் இல்லாவிட்டால் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்ட மனிதர் அவர்.

கோமாரியில் வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிறகு ஏன் கொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நோயுற்ற ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு மணியும் வைரஸை உற்பத்தி செய்கிறது. அதை நிறுத்துவதற்கு அதைவிட வேகமான வழி இல்லை. குணமான மாட்டின் தொண்டையிலும் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும். சிறு எண்ணிக்கையில், முதல் நாட்களில், உடனே செய்தால் இது மிகக் குறைந்த உயிர்ச்சேதத்தில் முடியும். தாமதமாகத் தொடங்கிப் பரவலாகச் செய்தால் படுகொலையாகிறது. 2001இல் பிரிட்டனில் நோயுற்ற பண்ணையை 24 மணி நேரத்திலும் அதை ஒட்டிய பண்ணைகளை 48 மணி நேரத்திலும் அழிப்பது என்ற விதி வந்தது. கணித மாதிரிகள் சொன்னதன்பேரில் எடுத்த முடிவு. நலமாக இருந்த லட்சக்கணக்கான ஆடு மாடுகள் அண்டைப் பண்ணையில் இருந்த ஒரே காரணத்துக்காகச் செத்தன. அவசியமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒவ்வொரு பண்ணையையும் மருத்துவர் நேரில் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும் என்பவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. தென்கொரியாவில் 2010-11 குளிர்காலத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை, பெரும்பாலும் பன்றிகளை, அவசரமாகப் புதைத்தார்கள். புதைகுழிகளிலிருந்து நிலத்தடி நீருக்குக் கசிவு என்ற கவலை பல காலம் நீடித்தது.

இந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றி அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. உயிர் காக்கப் படித்த மருத்துவர், காலை முதல் இரவு வரை கொன்றுகொண்டே இருக்கிறார். தலைமுறைகளாகத் தேர்ந்து பெருக்கிய மந்தை ஒரு பிற்பகலில் போய்விடும்போது பண்ணையாளர் இழப்பது பணம் மட்டுமல்ல. இதை உணர்ந்து, மந்தையை அழிக்கும் நாளிலேயே ஒரு மனநல உதவியாளரையும் உடன் அனுப்புவது ஆடம்பரமாகக் கருதத் தக்கதல்ல.

இழப்பீடு என்னும் கருவி

இழப்பீட்டைப் பல நிர்வாகங்கள் கருணைத் தொகையாகப் பார்க்கின்றன. அது நோய்க் கண்காணிப்புக்கான செலவு. நோய் இருக்கிறது என்று சொன்னால் மந்தை போகும், சொல்லாமல் நாளையே விற்றால் பணமாவது மிஞ்சும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பன்றிக் காய்ச்சல் பரவிய நாடுகளில் பதற்ற விற்பனை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஒன்றிரண்டு பன்றி செத்ததும் மிச்சத்தை இரவோடிரவாக வியாபாரிக்குத் தள்ளிவிடுவது. அந்த லாரி எந்த இறைச்சிக் கூடத்துக்குப் போகிறதோ அங்கேயெல்லாம் வைரஸும் போகும். சீனாவில் 2018 ஆகஸ்டில் ஷென்யாங் நகரில் முதல் நோய் உறுதியாகி ஒன்பது மாதங்களுக்குள் பெருநிலத்தின் எல்லா மாகாணங்களுக்கும் அது பரவியது. இழப்பீட்டில் உள்ளூர் நிர்வாகங்களும் பங்கு தர வேண்டியிருந்தது. நோயை அறிவிக்கும் அலுவலகமே பணமும் தர வேண்டும் என்ற ஏற்பாடு அறிவிப்பை ஊக்குவிக்காது.

தொகை சந்தை விலைக்கு அருகில் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் மறைப்பார்கள், மிகக் கூடினால் நோயை வரவேற்பார்கள். அதைவிட முக்கியம் வேகம். ஆறு மாதம் கழித்து வரும் முழுத் தொகையைவிட ஒரு வாரத்தில் வரும் முக்கால் தொகை அடுத்த பண்ணையாளரை வாய் திறக்கவைக்கும். நோயுற்றதைவிட நலமாக இருந்த விலங்குக்குக் கூடுதல் தொகை என்று வைத்தால், சீக்கிரம் சொல்பவருக்கே லாபம். சட்டத்தில் தண்டனையும் இருக்க வேண்டும்தான். 2001 தொற்றின் ஊற்றான பண்ணையை நடத்தியவர் நோயைத் தெரிவிக்காததற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பு வந்தபோது வைரஸ் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

தடுப்பூசியின் கணக்கு

தடுப்பூசி இருக்கும்போது ஏன் கொல்கிறார்கள்? கோமாரியில் ஏழு வகை வைரஸ்கள் உண்டு. ஒரு வகைக்கான ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது, ஒரே வகைக்குள்ளும் பொருந்தாமல் போவதுண்டு. எந்த வகை என்று ஆய்வகம் சொன்ன பிறகே உறைநிலைக் கிடங்கிலிருந்து உரிய மருந்தை எடுத்துத் தயாரிக்க முடியும். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி வரச் சில நாட்கள் ஆகும். இவையெல்லாம் கடக்கக்கூடிய தடைகள். உண்மையான தடை வணிக விதியில் இருந்தது. நோயுற்றவற்றைக் கொன்று முடித்த நாடு, கடைசிக் கொலைக்கு 3 மாதம் கழித்து நோயற்ற நாடு என்ற தகுதியைக் கோரலாம். ஊசி போட்ட விலங்குகளை வாழவிட்டால் காத்திருப்பு அப்போது இன்னும் பல மாதம் நீண்டது. அந்தக் கூடுதல் மாதங்களின் ஏற்றுமதிக்காக, 2001இல் நெதர்லாந்து ஊசி போட்ட சுமார் 2 லட்சம் கால்நடைகளையும் பிறகு கொன்றது. மியாசாகியிலும் இதுவே நடந்தது.

அதே 2001இல் உருகுவே எடுத்த முடிவு வேறு. தொடக்கத்தில் சில ஆயிரம் கால்நடைகளைக் கொன்றுபார்த்து, பண்ணையாளர்களின் எதிர்ப்பும் நோயின் வேகமும் கண்டு நிறுத்திக்கொண்டது. நாட்டின் மாடுகள் அனைத்துக்கும், ஏறத்தாழ 1 கோடிக்கு, ஊசி போட்டது. ஏப்ரலில் தொடங்கிய தொற்று ஆகஸ்டில் முடிந்தது. நாட்டுக்கு நாடு மந்தையும் நிலமும் சந்தையும் வேறு என்பதால் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது என்றாலும், வேறு வழியே இல்லை என்ற வாதம் அதன்பின் எடுபடவில்லை. தோல் கழலை நோய் 2015இல் கிரீசுக்குள் நுழைந்து பால்கன் நாடுகளில் பரவியபோதும் பரவலாக ஊசி போட்டே அடக்கினார்கள். நோய் வந்த விலங்கையும் ஊசி போட்ட விலங்கையும் ரத்தத்தில் பிரித்தறியும் சோதனை கோமாரிக்கு இன்று இருக்கிறது. பழைய விதியின் கடுமைக்கு அறிவியல் காரணம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் நிலை அப்படியில்லை. வியட்நாமில் அனுமதி பெற்ற ஊசிகள் உண்டு, உலகம் முழுவதும் ஏற்ற ஒன்று இன்னும் வரவில்லை.

கடைசி மாடு புதைந்த பிறகும் வேலை மிச்சம். கொட்டகையைச் சுரண்டிக் கழுவி, மருந்தடித்து, ஆறவிட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். பிறகு சில விலங்குகளை மட்டும் சோதனைக்காக உள்ளே விட்டு, வாரக்கணக்கில் கவனித்து, ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அவை நலமாக இருந்தால்தான் மந்தை திரும்பும். வலயம் முழுவதும் ஆயிரக்கணக்கான ரத்த மாதிரிகள் எடுத்து, நோய் எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்ட வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட நெடிய வேலை.

தைவானில் 68 ஆண்டுகளாகக் கோமாரி இல்லாமலிருந்தது. 1997 மார்ச்சில் பன்றிகளிடம் அது தோன்றி, சில மாதங்களில் 6,000க்கும் மேற்பட்ட பண்ணைகளைப் பிடித்து, ஜப்பானுக்கான பன்றியிறைச்சி ஏற்றுமதியை நிறுத்தியது. ஏறத்தாழ 40 லட்சம் பன்றிகள் போயின. ஊசி போட்டு அடக்கி, ஆண்டுக்கணக்கில் போட்டு, பிறகு படிப்படியாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துக் காட்டினார்கள். தடுப்பூசி இல்லாமலே நோயற்ற பகுதி என்ற தகுதி தைவானின் முதன்மைத் தீவுக்குத் திரும்பக் கிடைத்தது 2020 ஜூனில்.